அரை அங்குலத்துக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் பள்ளியில் வளர வேண்டுமென்றால் மாதத்தின் முதல் வெள்ளிக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். கோடு போட்ட தாளில் இடது பக்கம் மார்ஜின் விட்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாக எழுதி, கீழே பெற்றோர் கையெழுத்து வாங்கி, தையல் அறையில் இருக்கும் சிஸ்டர் ஜசிந்தாவிடம் நீட்ட வேண்டும். எத்தனை அங்குலம், எதற்கு என்ற இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். காரணம் சரியாக இருந்தால் சனிக்கிழமை உயரம் கிடைத்துவிடும். இல்லையென்றால் தாள் ஒரு சிவப்புக் கோட்டோடு திரும்பி வரும்.

கரும்பலகையின் மேல் வரி எட்டவில்லை என்பது சரியான காரணம். மாதா கோயிலில் முன்னால் நிற்பவளின் ரிப்பன் பீடத்தை மறைக்கிறது என்பதும் சரியான காரணம். அழகுக்காக என்று எழுதினால் சிவப்புக் கோடு. அத்தை மகள் என்னைவிட உயரம் என்று எழுதினாலும் சிவப்புக் கோடு. என் வகுப்பு வெல்மா ஒருமுறை 'சும்மா' என்று எழுதிக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னதற்காக அவளுக்கு ஒரு புனிதர் படம் கொடுத்தார்கள். உயரம் கொடுக்கவில்லை.

மே மாத விடுமுறையில் யாரும் வளர்வதில்லை. ஆறாம் வகுப்பு ஜாஸ்மின் பானு மட்டும் ஒரு வருடம் உம்மாவின் ஊருக்குப் போய் ஒன்றரை அங்குலம் வளர்ந்து திரும்பினாள். ஜூன் முதல் நாளே அவளை வாசலில் நிறுத்தி, வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய வாப்பா வந்து, "அந்த ஊர்த் தண்ணி அப்படி சிஸ்டர், இனிமே பாத்துக்கிடுதோம்" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வகுப்பில் உட்கார முடிந்தது.

பள்ளி சிறியது. ஒன்று முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரு பிரிவு, மொத்தம் நூற்றுப் பதினான்கு பெண் பிள்ளைகள், ஐந்து சிஸ்டர்மார், ஒரு கோயில், முற்றத்தில் ஒரு வாதாம் மரம். நான் கத்தோலிக்கப் பிள்ளை இல்லை. மற்றவர்கள் ஞானோபதேச வகுப்புக்குப் போகும்போது நானும் இன்னும் இருபது பேரும் நீதிபோதனை வகுப்புக்குப் போவோம். அங்கே பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஞானோபதேச வகுப்பிலும் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பெப்பி சொன்னாள். பெப்பியின் முழுப் பெயர் பெர்ப்பெத்துவா. ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஒன்பதாம் வகுப்பிலும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

உயரம் சிஸ்டர்மாரிடமிருந்து வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை, எட்டு நாள் தியானம் முடிந்ததும் அவரவர் மனம் போல அரை அங்குலமோ ஒரு அங்குலமோ கொடுப்பார்கள். சிஸ்டர் ஜசிந்தா அதை வாங்கி, லேஸ் சுற்றுகிற மாதிரி அட்டையில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொள்வார். அதனால் எங்கள் மடத்தில் மூத்தவர்கள் குட்டையாகவும் இளையவர்கள் நெட்டையாகவும் இருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது வசதி. யார் பெரியவர் என்று கேட்க வேண்டியதில்லை. இருப்பதிலேயே குட்டையானவருக்கு முதலில் வணக்கம் வைத்தால் போதும்.

இருப்பதிலேயே குட்டையானவர் மதர் எலிசியா, எங்கள் தலைமை ஆசிரியை. நாற்பத்து நான்கு வருடங்களுக்கு முன்பு வீட்டுப் பெயரை விட்டுவிட்டு, ஐந்தடி ஆறங்குலத்தோடு வந்து சேர்ந்தவர், நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது மூன்றடி பதினோரு அங்குலம் இருந்தார். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்காருவார். கால் தொங்காமல் இருக்க, கீழே பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அவருடைய பத்தொன்பது அங்குலமும் ஊருக்குள்தான் நடமாடிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்தில் பணியிலிருந்த பெண் காவலர் ஒருவரிடம் அதில் மூன்று அங்குலம் இருந்தது. மதரைக் கண்டால் அவர் குனிந்து சல்யூட் வைப்பார்.

எனக்கு வேண்டியிருந்தது அரை அங்குலம்.

செப்டம்பர் எட்டாம் தேதி எங்கள் பள்ளித் திருவிழா. அன்று மாலை மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து, பள்ளிக்கூட வாசலிலிருந்து தபால் ஆபீஸ் வரை போய்த் திரும்புவோம். ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேர் சப்பரம் தூக்குவார்கள். மதம், மதிப்பெண், நடத்தை எதையும் பார்ப்பதில்லை. உயரம் மட்டும்தான் பார்ப்பார்கள். நால்வரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். மாதாவின் கிரீடம் ஒட்டியது அல்ல, தலையில் வைத்தது. முன்பு ஒரு வருடம், மற்றவர்களைவிட அரை அங்குலம் கூடுதலான ஒருத்தியைப் பார்த்தும் பார்க்காமல் விட்டதில், கிரீடம் பேக்கரிக்கு முன்னால் உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. அதன் பிறகு சிஸ்டர் ஜசிந்தா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அளக்கிறார்.

அந்த வருடம் மூன்று பேர் நாலடி பத்தங்குலத்தில் சரியாக நின்றார்கள். பெப்பி, பிறகு இரட்டைப் பிள்ளைகளான டெல்மாவும் வெல்மாவும். நான் நாலடி ஒன்பதரை.

நானும் பெப்பியும் ஒன்றாம் வகுப்பிலேயே பேசி வைத்திருந்தோம். ஒன்பதாவது வந்ததும் சப்பரத்தின் முன் கம்பில் இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். பத்தாம் வகுப்பில் தூக்க விடமாட்டார்கள், அரசுத் தேர்வு இருக்கிறது. ஆகவே இதுதான் ஒரே வருடம். சப்பரம் தூக்கியவர்களுக்குத் தோளில் கம்பு பதிந்த சிவப்புத் தழும்பு ஒரு வாரம் இருக்கும். அவர்கள் சட்டைக் கழுத்தை விலக்கி விலக்கிக் காட்டிக்கொண்டு திரிவார்கள். எனக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"ஏட்டி, ஜூன் மாசந்தான ஒரு இஞ்ச் வாங்குன?" என்று கேட்டாள் அம்மா. விண்ணப்பத்தைச் சோற்றுப் பானைக்கு மேலே தூக்கிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள். "பாவாடையில இன்னும் ஒரு மடிப்புதான் பாக்கி, பாத்துக்கோ."

"அரைதாம்மா."

"அரை அரைன்னுதான் சொல்லுத. போன வருசமும் இப்படித்தான் சொன்ன."

கையெழுத்தைப் போட்டுவிட்டாள். அம்மா எப்போதும் இப்படித்தான், வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை வேலையை முடித்துவிடும்.

சிஸ்டர் ஜசிந்தா என் விண்ணப்பத்தில் கோடு போடவில்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அட்டைகள் மட்டும் இருந்தன. ஜூலையில் எறிபந்துக் குழுவுக்கு நாலு அங்குலம் போயிருந்தது. பிள்ளைகள் உயரத்தை வாங்கிக்கொண்டு வட்டாரப் போட்டிக்குப் போய், முதல் ஆட்டத்திலேயே தோற்று, வழியில் கரும்புச் சாறு குடித்துவிட்டு வந்திருந்தார்கள். உயரம் அவர்களிடமே இருந்தது. எங்கள் பள்ளியில் ஏறிய உயரம் இறங்குவதில்லை.

"சிஸ்டர் ஆன்சிகிட்ட கேட்டுப் பாக்கட்டா?" என்றேன். புதிதாக வந்த சிஸ்டர் ஆன்சி ஐந்தடி ஏழங்குலம் இருந்தார். அவர் நடைக்கூடத்தில் வரும்போதெல்லாம் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து மனசுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

"மடத்துலயே இருந்துருதேன்னு அவ இன்னும் கடைசி வார்த்தைப்பாடு குடுக்கல பிள்ள. அதுவரைக்கும் அவ உயரம் அவ வீட்டுச் சொத்து. அதுல நாம கை வைக்கக் கூடாது. நீ மதர்ட்ட வா."

மதர் விண்ணப்பத்தை இரண்டு முறை வாசித்தார்.

"காரணம் எழுதலையே."

"எழுதியிருக்கேன் மதர். சப்பரம் தூக்க."

"அது வேலை. காரணம் என்ன?"

நானும் பெப்பியும் ஒன்றாம் வகுப்பில் பேசி வைத்ததைச் சொன்னேன். மதர், "பேசி வச்சிருந்தா சரிதான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து பாட்டுப் புத்தகங்களின் மேல் கால் வைத்து இறங்கினார்.

டப்பா காலியாக இருக்கும்போது கையோடு கை பிடித்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவள் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்க, கொடுக்கிறவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். இரண்டு பேரும் சேர்ந்து ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல வேண்டும். ஒரு செபத்துக்கு அரை அங்குலம். ஆமென் சொன்னதும் கையை விட்டுவிட வேண்டும். கால் கட்டைவிரலில் கொஞ்சம் கூசும், ஒரு கொட்டாவி வரும், அவ்வளவுதான்.

மதரின் கைகள் சின்னதாக, வெதுவெதுப்பாக இருந்தன. சிஸ்டர் ஜசிந்தா டேப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நாங்கள் செபத்தைச் சொன்னோம். ஆமென் என்றோம். ஆமெனுக்கு 'ன்' போடும்போதே கோயில் மணி அடித்துவிட்டது. மணி பன்னிரண்டு.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் பள்ளியில் எல்லோரும் இருந்த இடத்தில் இருந்தபடியே நின்று மூவேளைச் செபம் சொல்வோம். வட்டம் போட்டுக்கொண்டிருப்பவள் காம்பஸை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள். சத்துணவு சமைக்கும் கிரேசக்கா கரண்டியைத் தூக்கியபடி நிற்பார், சாம்பார் அதிலிருந்து சொட்டும். கையை எடுப்பது, காலை மாற்றுவது எதுவும் கூடாது. எனக்கு ஒன்பது வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது மணி கேட்டால்கூட நின்றுவிடுவேன். அம்மா தண்ணீர்ச் செம்பைத் தானே எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மூவேளைச் செபத்துக்குள் மூன்று 'அருள் நிறைந்த மரியே' வருகிறது.

கையை விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மதருக்கும் தெரியும். சிஸ்டர் ஜசிந்தாவுக்கும் தெரியும். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு செபத்தை முழுதாகச் சொல்லி முடித்தோம். எனக்கு மூன்று கொட்டாவி வந்தது. கண்ணைத் திறந்தபோது மதரின் முக்காடு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சிஸ்டர் ஜசிந்தா அளந்தார். நாலடி பதினொன்றரை.

"பன்னெண்டு அடிச்சிருச்சு மதர்" என்றார்.

"ஆமா. மணி பாக்காம ஆரம்பிச்சது என் தப்பு" என்றார் மதர். பிறகு முக்காட்டை மடித்துத் தைக்க ஊசி கொண்டுவரச் சொன்னார்.

வாதாம் மரத்தடியில் பெப்பி காத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் வரும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கூடிப்போச்சாட்டி?"

"ஒன்றரை."

"போச்சு" என்று சொல்லிவிட்டு மரத்தடித் திண்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மதியம் முழுக்க என்னென்னவோ செய்து பார்த்தோம். ஒரு பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் மேல் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, நால்வரும் தூக்கிக்கொண்டு நடந்தோம். நான் முழங்காலை மடக்கி நடந்தேன். பத்து எட்டு வரை செம்பு அசையவில்லை. பதினோராவது எட்டில் என் தொடை நடுங்க, தண்ணீர் டெல்மாவின் கழுத்து வழியாக இறங்கியது. அவர்கள் மூவரும் நுனிக்காலில் நடந்து பார்த்தார்கள். வெல்மாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. செருப்புப் போட்டுக்கொள்ளலாம் என்றால், சப்பரம் வெறுங்காலோடுதான் தூக்க வேண்டும்.

சிஸ்டர் ஜசிந்தா ஒரு வழி சொன்னார். எட்டாம் வகுப்பில் நாலடி பத்தங்குலத்தில் ஒரு பிள்ளை இருக்கிறாள், அவள் என் இடத்தில் தூக்கட்டும். நான் நெட்டைப் பிள்ளைகளோடு பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு வரலாம்.

"அப்ப நானும் தூக்கல" என்றாள் பெப்பி.

"அப்ப நாங்க?" என்றார்கள் டெல்மாவும் வெல்மாவும் ஒரே குரலில். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். தூக்கு, தூக்கு என்று பெப்பியிடம் நான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வளர்ந்ததற்காக அழுதவள் எங்கள் பள்ளியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண்ணாடியில் பார்த்தால் நெற்றி தெரியவில்லை, கண்ணாடியை என் பழைய உயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

திங்கட்கிழமை பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மதர் எங்கள் நால்வரையும் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். டெல்மாவை வலது கையிலும் வெல்மாவை இடது கையிலும் பிடித்துக்கொண்டார். பெப்பியைத் தன் இரண்டு தோளிலும் கை வைக்கச் சொன்னார்.

"நீ வெளிய போய் நில்லு பிள்ள" என்றார் என்னிடம். "கையப் பின்னால கட்டிக்கோ. யாரு மேலயும் பட்டுராத."

எனக்கு விஷயம் புரிந்தது. மூவருக்கும் ஆளுக்கு ஒன்றரை அங்குலம். மொத்தம் நாலரை.

"மதர், உங்களுக்குக் குறஞ்சுபோயிருமே" என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குச் சப்பரம் வேண்டியிருந்தது.

"எனக்கு எதுக்கு? மேல உள்ளதெல்லாம் நா பாத்தாச்சு" என்றார் மதர். "பெஞ்சுக்கு அடியில என்ன இருக்குன்னுதான் இன்னும் சரியாப் பாக்கல."

மணி அடித்தது. நான் நடைக்கூடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செபம் சொன்னேன். உள்ளே நான்கு குரல் கேட்டது. மூன்று பேர் மாற்றி மாற்றிக் கொட்டாவி விட்டார்கள். முற்றத்தில் வாதாம் இலை ஒன்று விழுந்து, யாரும் நகரக் கூடாத நேரமென்பதால் சிஸ்டர் ஆன்சியின் தலையிலேயே இருந்தது.

அளந்தபோது நாங்கள் நால்வரும் நாலடி பதினொன்றரை. மதர் மூன்றடி நாலரை. அவர் அன்று பகலிலேயே எல்லா வகுப்புக்கும் போய் பெஞ்சுகளுக்கு அடியில் பார்த்தார். புளியங்கொட்டைகள், ஒட்டிவைத்த சூயிங்கம், 'ஸ்டெல்லா மிஸ் ஒழிக' என்று பென்சிலால் எழுதியது, போன வருடம் காணாமல் போன கோயில் சாவி எல்லாம் கிடைத்தன. சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை இருந்தபடியே விட்டுவிட்டார்.

திருவிழாவன்று மழை இல்லை. சப்பரத்தில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். இடது பக்கம் பெப்பி, வலது பக்கம் நான், பின்னால் இரட்டையர். கம்பு தோளில் உட்கார்ந்ததும், இவ்வளவு கனமா என்று நினைத்தேன். பத்து எட்டு போனதும் அந்தக் கனம் இல்லாவிட்டால்தான் விழுந்துவிடுவேன் போலிருந்தது. பேக்கரிக்காரர் விளக்கை எல்லாம் போட்டு வைத்து, மாதாவுக்கு ஒரு கேக்கும் எங்களுக்கு ஆளுக்கொரு பன்னும் கொடுத்தார். பன்னை வாங்கக் கை இல்லாததால் அவரே வாயில் வைத்தார். தபால் ஆபீஸ் முக்கில் திரும்பும்போது பெப்பி என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். இரண்டு பேர் வாயிலும் பன் இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மாதாவின் கிரீடம் ஒரு நூல்கூட நகரவில்லை.

மதர் எங்களுக்கு முன்னால், சின்னப் பிள்ளைகளோடு மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நடந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் எது மதர் என்று தெரியவில்லை.

மூன்றரை அடிக்குக் கீழே இருப்பவர்கள் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டும் என்பது பள்ளி தொடங்கிய நாளிலிருந்து உள்ள விதி. திருவிழா முடியட்டும் என்று யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். மறுநாள் காலை வழிபாட்டில் மதரே அதை வாசித்துக் காட்டினார். பிறகு அலுவலகச் சாவிக் கொத்தை சிஸ்டர் ஜசிந்தாவிடம் கொடுத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, ஒன்றாம் வகுப்பு வரிசையில் உயரப்படி போய் நின்றார். முன்னாலிருந்து மூன்றாவது இடம் அவருக்கு வந்தது. நாங்கள் வழக்கம் போல, "குட் மார்னிங் மதர்" என்று இழுத்துச் சொன்னோம். அவரும் எல்லாப் பிள்ளைகளையும் போல மேடையைப் பார்த்து, சிஸ்டர் ஜசிந்தாவுக்கு அதையே சொன்னார்.

ஒன்றாம் வகுப்பு ஸ்டெல்லா மிஸ், மதர் நன்றாகப் படிக்கிறார் என்று சொன்னார். கையெழுத்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தாராம். கணக்கு மட்டும் மனதிலேயே போட்டுவிடுகிறார், விரலை மடக்கச் சொன்னால் கேட்பதில்லை. பேசிக்கொண்டிருந்ததற்காகப் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து ஒருமுறை பெஞ்ச் மேல் நின்றார்.

எனக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. தோளில் தழும்பு இருந்தது, ஆனால் ஒருத்தருக்கும் காட்டவில்லை. நான் அரை அங்குலம் கேட்கப் போய் அவரிடமிருந்து ஆறரை அங்குலம் போயிருந்தது. இடைவேளையில் ஒன்றாம் வகுப்புக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பேச வேண்டியதை நோட்டில் எழுதி மனப்பாடமும் செய்துகொண்டேன்.

மதர் வராந்தாவில் மூன்று பிள்ளைகளோடு கட்டம் வரைந்து பாண்டி ஆடிக்கொண்டிருந்தார். அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார். நான் நின்று பார்த்தேன். ஐந்தாம் கட்டத்தில் கோட்டை மிதித்துவிட்டு, மிதிக்கவில்லை என்று சாதித்தார். மற்ற மூன்று பேரும் மிதித்ததாகச் சத்தியம் செய்தார்கள்.

"மதர்" என்றேன்.

"அக்கா, இந்தப் பென்சிலக் கொஞ்சம் சீவித் தாங்க" என்று பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் ஓரமாக உட்கார்ந்து பென்சிலைக் கூராகச் சீவினேன். நோட்டில் எழுதியிருந்ததை அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

உயரம் கூடியதால் பள்ளி கேட்டின் மேல் தாழ்ப்பாள் எனக்கு எட்டியது. ஆகவே மாலை நான்கு மணிக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டு ஆட்களிடம் ஒப்படைக்கிற வேலையை சிஸ்டர் ஜசிந்தா என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்திருப்பவர் யார் என்று பிள்ளையைக் கேட்க வேண்டும். பிள்ளை சரியாகச் சொன்னால், வந்தவரிடம் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும். அதுவரை யாருக்கும் ஆள் வராமல் போனதில்லை. அப்படி வராவிட்டாலும் பிள்ளையைத் தனியே விடக் கூடாது.

முதல் மூன்று நாளும் மதர் மற்றவர்களோடு படியில் உட்கார்ந்திருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே ஒவ்வொரு சைக்கிளாக, ஒவ்வொரு ஆட்டோவாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசிப் பிள்ளையும் போனதும் எழுந்து, பாவாடையைத் தட்டிவிடுகிற மாதிரி அங்கியைத் தட்டிவிட்டு, தானாக மடத்துக்குள் போய்விடுவார். நான் தாழ்ப்பாளைப் போடுவேன்.

நான்காம் நாள் எட்டு முழ வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சைக்கிளில் வந்தார். முப்பது வயது இருக்கும். தலைமுடி உப்புக் காற்றில் விறைத்திருந்தது. கேரியரில் ஈரமான ஓலைப் பெட்டி ஒன்றைக் கட்டியிருந்தார். முன் பாரில் ஒரு துண்டை மடித்துச் சுற்றியிருந்தார், பிள்ளை உட்கார்ந்தால் உறுத்தாமல் இருக்க.

"ரோணிக்கம்மாவக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றார்.

அப்படி ஒரு பெயர் என் பட்டியலில் இல்லை. நான் படியைத் திரும்பிப் பார்த்தேன். மதர் ஏற்கெனவே எழுந்து பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இது யாரு?" என்று விதிப்படி கேட்டேன்.

"அப்பா" என்றார் மதர்.

நோட்டை நீட்டினேன். எழுத வராது என்று அவர் சொன்னதால் பெருவிரலில் பேனா மையைத் தடவிக் கொடுத்தேன். அவர் ரேகையை அழுத்தமாக வைத்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மேட்டுல காத்து எதுத்து அடிச்சுச்சு, அதான் கொஞ்சம் பிந்திப்போச்சு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அழுதாளா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா" என்றேன். "மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கொஞ்ச நேரம் தூங்குனாங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். மதரைத் தூக்கி முன் பாரில் உட்காரவைத்து, பையை ஹேண்டில்பாரில் மாட்டினார். மதர் சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்துப் பார்த்தார். அவர் ஏறி மிதித்து, பேக்கரியைத் தாண்டி, கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்பினார்.

நான் நோட்டைப் பார்த்து அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டேன்.